சிலைக்கு நிலம் வேண்டும்: மலையகச் சுதைச் சிற்பி ஒருவரின் தொழில்வாழ்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

சாந்துப் பூச்சால் சிலை செய்யும் சுதைச் சிற்பி ஒருவரின் ஏறத்தாழ மூன்று தசாப்தத் தொழில்வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. இலங்கையின் மலையகத்தில், பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து இன்றும் அங்கேயே வசிக்கும் அவர், பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் தோட்டக் கோவில்களில் கோபுரச் சிலைகளும் விமானச் சிலைகளும் செய்திருக்கிறார். அண்மைய ஆண்டுகளில், கோவில் வேலைக்கு வெளியே, தோட்டத் தொழிலாளரின் உருவங்களைத் தம் சொந்தப் படைப்புகளாகச் செய்து காட்சிக்கும் வைத்திருக்கிறார். அவருடைய விருப்பத்தின்படி அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே விடப்பட்டுள்ளன. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அவரைச் ‘சிலை பாஸ்’ என்றே அழைப்பார்கள்; ‘பாஸ்’ என்பது தேர்ந்த கைவினைஞரை அழைக்கும் வழக்குச் சொல். கட்டுரையிலும் பாஸ் என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு சிற்பியின் பாணியை விளக்க முற்படும்போது, அவருடைய குரு யார், எந்த மரபில் பயின்றார், எதில் நாட்டம் கொண்டார் என்றே வழக்கமாகக் கேட்கிறோம். தோட்டப் பாடசாலையில் சித்திரம் கற்பித்தவன் என்ற முறையில் பாஸின் வேலைகளை நெடுங்காலம் கவனித்துவந்த எனக்கு, அக்கேள்விகள் போதவில்லை. அவர் எந்த ஊடகத்தில் வேலை செய்தார், எவ்வளவு பெரிதாகச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பவற்றைத் தீர்மானித்ததில் குருவின் பங்கைவிட நிலத்தின் பங்கே பெரிது. பாட்டை நெஞ்சில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகலாம். ஓவியத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். சிலை நிற்பதற்கு ஒரு துண்டு மண் வேண்டும். அதைச் செய்வதற்கு அதைவிடப் பெரிய துண்டு வேண்டும். காணியுரிமை மறுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த சிற்பிக்கு, கையில் கரண்டியை எடுப்பதற்கு முன்பே இந்த நிபந்தனை எதிரே வந்து நிற்கிறது.

நிலம் பெற்ற கைவினைஞரும் பெறாதவரும்

மலைநாட்டில் தென்னிந்தியச் சிற்பிகளின் வேலை தேயிலைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கண்டிக்கு அருகே 1344 இல் எழுந்த கடலாதெனிய விகாரையின் தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்று அங்குள்ள பாறைக் கல்வெட்டு சொல்கிறது; அதே காலத்தில் எழுந்த லங்காதிலக விகாரை ஸ்தபதிராயரின் வேலை. முன்னது கல்லாலும் பின்னது செங்கல்லாலும் ஆனவை. கம்பளை இராச்சியக் காலத்தின் இவ்விரு கட்டடங்களிலும் தமிழகக் கட்டடக்கலையின் சாயலைப் பயிற்சியில்லாத கண்ணும் கண்டுகொள்ளும். பின்வந்த கண்டி இராச்சியத்தில் கைவினைஞர்கள் அரசனுக்கும் ஆலயத்துக்கும் செய்த சேவைக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். இந்த ஏற்பாட்டைக் கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாகப் பதிவு செய்தார். அந்த ஏற்பாடு குலைந்தபோது தொழிலும் தளர்ந்ததை அவர் வருத்தத்தோடு எடுத்துக்காட்டினார். சிற்பிக்குச் சோறு போடும் வயலும் பட்டறை போடும் முற்றமும் உறுதியாக இருந்தபோது, அவன் ஒரு வேலையில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்க முடிந்தது.

கோப்பிக்காகவும், பின்னர் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைக்காகவும் கொண்டுவரப்பட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு எதுவும் இருக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், 10 அடிக்கு 12 அடியான ஒரு காம்பரா (அறை). 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. கை மாறிய ஒவ்வொரு முறையும் லயம் தோட்டத்தின் உடைமையாகவே இருந்தது. அதில் வாழ்ந்தவருடையதாக ஒருபோதும் ஆகவில்லை.

தொழிலுக்குள் வந்த வழி

பாஸின் தகப்பனார் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். தாயார் கொழுந்து பறித்தவர். தகப்பனாருக்கு மாரியம்மன் திருவிழாவில் கரகம் சோடிக்கும் கைத்திறன் இருந்தது. கரகம் பாலிக்கும் நாட்களில் வேப்பிலையையும் பூவையும் குடத்தின்மேல் அடுக்கி அம்மனின் உருவத்தை வரவழைப்பதை அருகிருந்து பார்த்ததே தமக்கு முதல் பாடம் என்று பாஸ் சொல்கிறார். பள்ளிப் படிப்பு சாதாரண தரத்தோடு நின்றது.

1983 வன்செயலுக்குப் பின்வந்த ஆண்டுகளில் மலையகக் கோவில்கள் பல திருத்தவும் விரிவாக்கவும் பட்டன. தகரக் கூரையின்கீழ் இருந்த தோட்டக் கோவில்கள் ஒவ்வொன்றாக விமானமும் சிறு கோபுரமும் பெற்றன. வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிமார் குழுக்களாக வந்தார்கள். சாந்து குழைக்கவும் சாரம் கட்டவும் தோட்டத்து இளைஞர்களை எடுத்தார்கள். பாஸ் அப்படித்தான் சேர்ந்தார். மணல் அரித்தவர், பிறகு கம்பி வளைத்தவர், பிறகு யாளியின் செதில்களை இழைத்தவர், கடைசியாகவே முகத்தைத் தொட அனுமதிக்கப்பட்டவர். கண் திறப்பதை ஸ்தபதி தம் கையாலேயே செய்தார்.

அந்த ஸ்தபதி இவரை மாமல்லபுரத்துக்கு அனுப்ப விரும்பினார். 1957 இல் தொடங்கிய அந்த அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்து கல், உலோகம், சுதை மூன்றையும் முறையாகக் கற்பிக்கிறது. பாஸால் போக முடியவில்லை. பெற்றோரின் பிரஜாவுரிமை விண்ணப்பம் முடிவின்றிக் கிடந்தது. பிரஜாவுரிமை இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அது இல்லாமல் கடவுச்சீட்டு இல்லை. நாடற்ற இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வந்து அட்டை கைக்குக் கிடைத்தபோது, அவருக்குக் குடும்பமும் கடனும் இருந்தன. கல்லில் வேலை செய்யக் கற்றுக்கொள்ளாததைத் தம் வாழ்வின் பெரிய இழப்பாக இன்றும் அவர் கருதுகிறார். ஆவணமொன்று இல்லாத காரணத்தால் ஒரு கலைஞனின் ஊடகமே மாறிப்போனது இவ்வாய்வில் எனக்கு மிகுந்த துயரம் தந்த செய்தி.

குளிரில் இறுகும் சீமெந்து

அவர் தமிழ்நாட்டாரிடமிருந்து விலகித் தமக்கென்று கண்டறிந்தது எது என்ற கேள்விக்கு விடை, மலையின் காலநிலையில் இருக்கிறது. பழைய சுதை என்பது சுண்ணாம்பும் மணலும் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ந்த காரை. இன்று சீமெந்தே அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டது. செங்கல்லாலும் இரும்புக் கம்பியாலும் உடற்கூட்டை எழுப்பி, கோழிக்கூட்டு வலையைச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி, சாந்தைப் பூச்சுப் பூச்சாக ஏற்றி, ஈரம் வாங்கும் தருணத்தில் ஆபரணமும் மடிப்பும் இழைப்பதே முறை. காரைக்குடிப் பக்கத்து வெயிலில் பழகிய கைகள் ஒரே நாளில் இரண்டு பூச்சு ஏற்றிவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி இரவுகளில் அங்கே வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே போவது வழக்கம். அந்தக் குளிரில் சீமெந்தும் நீரும் சேர்ந்து இறுகும் வினை வெகுவாக மந்தமாகிறது. இறுகாத பூச்சின்மீது அடுத்த பூச்சை ஏற்றினால், தன் பாரத்தாலேயே அது சரிகிறது. மூக்கு தொங்குகிறது, தோள் வழிகிறது.

வெளியூர்க் குழுக்கள் இதைச் சமாளிக்கச் சீமெந்தின் அளவைக் கூட்டினார்கள். கூட்டினால் பூச்சு விரைவில் பிடிக்கும். ஆனால் உலரும்போது கூடுதலாகச் சுருங்கி மயிரிழை வெடிப்புகள் விடும். மழை அவ்வெடிப்பு வழியே இறங்கும். வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்கிறது. அங்கே ஒரு வெடிப்பு சில பருவங்களிலேயே கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிடும். துருவான இரும்பு பருத்து, சுற்றியுள்ள சாந்தை உள்ளிருந்து பிளக்கும். உடைந்த கைகளோடு கோபுரங்களில் நிற்கும் துவாரபாலகர் பலருக்கு நேர்ந்தது இதுவே.

பாஸ் எதிர்த் திசையில் போனார். சீமெந்தைக் கூட்டாமல், பூச்சை மெல்லியதாக்கினார். முக்கால் அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றுவதில்லை. பூச்சுகளுக்கிடையே நாட்களைக் கொடுத்தார். சிலையைச் சுற்றிப் பொலித்தீனால் கூடாரம் கட்டி, பகல் வெப்பத்தை உள்ளே தேக்கினார். ஆற்று மணலை நீர் தெளியும்வரை கழுவினார். எல்லாவற்றையும்விட, நீர் தேங்கும் இடங்களைச் சிற்பத்திலிருந்தே அகற்றினார். அவர் செய்த தேவியரின் மடிப்புகள் ஆழமாக வெட்டப்பட்டவை அல்ல. ஒவ்வொரு மடிப்பும் சற்றே வெளிநோக்கிச் சரிந்து நீரை வழியவிடும். கிரீடத்தின் அடுக்குகள், மடியில் குவிந்த கை, பீடத்தின் தாமரை இதழ் ஆகியவை யாவும் மழையை அனுப்பிவிடும்படி அமைந்திருக்கும். பார்ப்பவர்கள் இவற்றை அவருடைய ‘சாந்தமான’ பாணி என்று பாராட்டுகிறார்கள். பாராட்டு பொருத்தமானதே, அந்தச் சாந்தத்தை உருவாக்கியது மழை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆனால் மெல்லிய பூச்சுக்கு நாள் கூடும். நாள் கூடினால் செலவு கூடும். அந்தச் செலவைக் கொடுப்பவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். தோட்டக் கோவிலின் வருமானம் பெரும்பாலும் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்படும் சந்தா. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்தது. 2024 இல் 1,350 ரூபாயாயிற்று. இடையில், 2022 நெருக்கடியின்போது, அதற்கு முந்திய ஆண்டில் ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டது. அந்த ஆண்டு பாஸ் ஒப்புக்கொண்டிருந்த வேலைகள் கம்பிக் கூடுகளாகவே நின்றன. ஒப்பந்தத் தொகையை உயர்த்திக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. கேட்டால் அது அயல் காம்பராக்காரரின் சம்பளத்திலிருந்துதான் வரும். அக்காலத்தில் வீடு கட்டுமிடங்களில் மேசன் வேலை செய்து பிழைத்தார்.

பன்னிரண்டு ஆண்டு ஆயுள்

கோவில்களில் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்யும் வழக்கம் உண்டு. தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலஸ்தாபனம் முடிந்ததும் திருத்த வேலை தொடங்கும். சேதமான சுதை கொத்தி அகற்றப்படும். சில வேளைகளில் நல்ல நிலையில் உள்ளதும் புதியதற்கு இடம்விட்டுப் போகும். மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் 108 அடி இராஜகோபுரமும் அதன் 1,008 சிலைகளும் போன்ற பெருவேலைகளைச் செய்தோரின் நினைவு ஊர் மக்களிடம் தங்கியிருக்கிறது. ஒரு தோட்டக் கோவில் விமானத்தின் நான்கு மூலைக் கருடன்களையோ பூதகணங்களையோ செய்தவர் யார் என்று எழுதிவைப்பதில்லை. மஹா மண்டபத்துச் சலவைக்கல்லில் உபயகாரர் பெயர் இருக்கும், குருக்கள் பெயர் இருக்கும், திறந்துவைத்த அரசியல்வாதியின் பெயர் மிகப் பெரிதாக இருக்கும்.

பாஸ் தம் தொடக்க கால வேலைகளில் பலவற்றை இன்று காட்ட முடியாமல் இருக்கிறார், அவை இல்லை. ஒரு நவீன சிற்பியின் வாழ்க்கையை எழுதுபவருக்கு இது பெரிய இடர். ஓவியருக்குத் திரை இருக்கிறது, வெண்கலச் சிற்பிக்கு அச்சு இருக்கிறது. இவருக்கு அயலவர் கைப்பேசியில் எடுத்த திருவிழாப் படங்களின் பின்னணியே சான்று. அவற்றில் சாமி ஊர்வலத்துக்குப் பின்னால் தெரியும் விமானத்தின் ஓரங்களை ஒப்பிட்டே அவருடைய வளர்ச்சியை நான் வரிசைப்படுத்தினேன்.

கூடை சுமக்கும் உருவம்

பாஸ் தமக்காகச் செய்த முதல் பெரிய உருவம், மலையிலிருந்து நிறுவைக் களத்துக்கு இறங்கும் ஒரு கொழுந்துக்காரி. இதை எழுதும்போது அந்த உருவத்தின் முன்னே கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவருடைய இரண்டு உலகங்களும் அதில் மோதுகின்றன.

சிற்ப மரபில் உருவத்தின் அளவு தாளத்தால் அமைகிறது. முகத்தின் நீளமே ஒரு தாளம், அது ‘அங்குலம்’ எனப்படும் 12 சம பிரிவுகள் கொண்டது. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 பிரிவு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பிரிவு. மனிதருக்கு அஷ்டதாளம், அதாவது எட்டு முக நீளம், என்பது வழக்கு. பாஸ் முதலில் மரபுப்படி அஷ்டதாளத்தில் கம்பி வளைத்தார். உருவம் நேராக நின்றது, அழகாகவும் இருந்தது. அவருடைய தாயார் அதைப் பார்த்துவிட்டு, கூடையில் கொழுந்து இல்லையா என்று கேட்டாராம். நிறைந்த கூடையின் பாரம் தலையில் மாட்டிய கயிற்றின் வழியே உச்சியைப் பின்னோக்கி இழுக்கிறது. அதை எதிர்க்கக் கழுத்து முன்னே நீள்கிறது, இடுப்பு மடிகிறது, சரிவில் இறங்கும் முழங்கால் வளைகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி நடந்த உடல், கூடையை இறக்கிய பிறகும் அந்த வளைவை விடுவதில்லை. தாளமானம் நிமிர்ந்து நிற்கும் உடலுக்கான கணக்கு. இந்த உடலுக்கு அவர் தனிக் கணக்கு வகுக்கவேண்டியிருந்தது.

அவர் மரபைத் தூக்கி எறியவில்லை. முகத்துக்கு, கைக்கு, விரலுக்கு ஒன்றுக்கொன்று உள்ள விகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, முதுகுத்தண்டை மட்டும் தாயாரின் உடலிலிருந்து எடுத்தார். தாயாரைச் சுவரோரம் நிறுத்தி, கூடையோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் கரித்துண்டால் நிழலை வரைந்து, அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே கம்பியை வளைத்தார். இடுப்பில் கட்டிய படங்கு என்னும் முரட்டுத் துணியின் விறைப்பை, தேவியரின் பட்டாடைக்குப் பழகிய அதே கரண்டியால் இழைத்தார். விரல்கள்தாம் ஆச்சரியமானவை: கொழுந்தை நுள்ளிய வெடிப்பும் கறையும் கொண்ட அவ்விரல்களில், அம்மனின் அபய முத்திரைக்குரிய நீளமும் நிதானமும் இருக்கின்றன. மலையகத் தொழிலாளியைச் சோகத்தின் சின்னமாக மட்டும் காட்டும் சிலைகளை நிறையப் பார்த்திருக்கிறோம். இவ்வுருவத்தில் சோர்வும் இருக்கிறது, வணங்கத்தக்க நிலையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று குறைக்கவில்லை. அவருடைய படைப்புகளில் ஆகச் சிறந்தது இதுவே என்பது என் துணிபு.

இது நிற்பதற்கு இடம்தான் கிடைக்கவில்லை. லயத்து வாசலில், அயலவர் வழிவிட்டு உதவியதால் செய்துமுடிக்கப்பட்ட சிலை, தோட்ட நிர்வாகத்தின் அனுமதியின்றி எழுந்த கட்டுமானமாகக் கருதப்பட்டது. பேச்சுவார்த்தைக்குப் பின் கோவில் வளவின் ஓரத்துக்கு நகர்த்தலாம் என்றார்கள். நகர்த்த முயன்றபோது பின்பாரத்தால் கூடை முறிந்தது.

லொறியில் ஏறும் சிற்பம்

அதன் பிறகு வந்த வேலைகள் எல்லாம் பிரித்துப் பூட்டக்கூடியவை. தலை, உடல், கூடை, கால் என்று தனித்தனியாக வார்த்து, உள்ளே குழாய் செருகி, ஆணிப்பூட்டால் இணைக்கிறார். இரண்டு பேர் தூக்கும் பாரத்துக்கு மேல் எந்தத் துண்டும் போவதில்லை. செங்கல் கூட்டைக் கைவிட்டு, வலையின்மேல் மெல்லிய சாந்து ஏற்றிய உட்கூடான உடல்களைச் செய்கிறார். இணைப்புக் கோடுகளை மறைப்பதில்லை. கொழும்பில் இவற்றைப் பார்த்த சிலர், உடல் துண்டுபட்டிருப்பதைத் திட்டமிட்ட குறியீடாக விளக்கினார்கள். அந்த விளக்கம் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் வேர் மிகச் சாதாரணமான இடத்தில் இருக்கிறது. சிலை லயத்து ஒழுங்கையால் இறங்கி, வாடகை லொறியில் ஏறி, மீண்டும் இறங்கவேண்டும்.

மலையகத்தின் மற்றக் கலைஞர்களையும் இந்தக் கோணத்தில் பார்ப்பது பயனுடையது. ஹற்றனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்க் கறையையும் தேநீர்ப் பைகளையும் தம் படைப்புக்கு ஊடகமாக்கிக்கொண்டவர். அவருடைய தேர்வுக்கு ஆழமான கலைக் காரணங்கள் உண்டு. அவற்றோடு, எடை குறைந்த, காம்பராவுக்குள் அடங்கும், கையில் எடுத்துச் செல்லத்தக்க பொருள்கள் மலையகக் கலைஞரிடம் இயல்பாக வந்து சேர்வதையும் கவனிக்கலாம். நாட்டின் நவீன சிற்பத்தில் முதன்மையாகப் பேசப்படும் திஸ்ஸ ரணசிங்க (1925–2019) வெண்கலத்தில் பெரிதாகச் சாதித்தவர். வெண்கலத்துக்கு உலை வேண்டும்; உலைக்கு நிலையான பட்டறை வேண்டும். லயத்தில் உலை மூட்ட முடியாது.

காட்சிக்கூட அனுபவங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒருமுறை அவருடைய உருவங்களின் கீழ் ‘மலையகக் கைவினை’ என்று மட்டும் எழுதி, பெயரை விட்டுவிட்டார்கள். மறுமுறை பெயர் இருந்தது, போக்குவரத்துச் செலவு கிடைக்கவில்லை. மூன்றாவது அழைப்பில் இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெற்றார். விற்பனை மிகக் குறைவு. சீமெந்து உருவத்தை வாங்கி வீட்டில் வைக்க விரும்புவோர் அரிது.

இப்போதைய நிலை

லயத்துக்குப் பதிலாகக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணியில் 550 சதுர அடித் தனிவீடு என்ற திட்டம் பாஸின் தோட்டத்துக்கும் வந்திருக்கிறது. அவருடைய குடும்பம் பட்டியலில் இருக்கிறது. வீடு வந்தால் உறுதிப் பத்திரம் வரும், வாசலில் ஒரு சிலையை யாரையும் கேட்காமல் நிறுத்தலாம். பட்டறைக்கு அது போதாது. வீடு போக எஞ்சும் சரிவில் சாந்து குழைக்கவும், மணல் கொட்டவும், எட்டடி உருவத்தைப் பின்னே போய் நின்று பார்க்கவும் இடமிருக்காது. உருவத்தைத் தூரத்திலிருந்து பார்க்க முடியாத சிற்பி, கழுத்தை எப்போதும் சற்றுப் பெரிதாகவே செய்துவிடுவார். பாஸின் லயத்து வாசல் வேலைகளில் இந்தக் குறை தெளிவாகவே உண்டு, கோவில் முற்றத்தில் செய்தவற்றில் இல்லை.

பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடத் தடையாக இருந்த சட்டப்பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கான சட்டமும் நிறைவேறியது. பாதைக்கும் குடிநீருக்கும் முன்னுரிமை இருப்பது நியாயமே. ஆயினும், கைவிடப்பட்ட பழைய கொழுந்து மடுவங்கள் (கொழுந்து நிறுக்கும் கொட்டகைகள்) தோட்டங்களில் பல இருக்கின்றன. உயரமான கூரையும், சமதளத் தரையும், லொறி திரும்பும் முற்றமும் அவற்றில் ஏற்கெனவே உண்டு. அவற்றில் ஒன்றைக் குத்தகையாகக் கேட்டுப் பாஸும் அவரிடம் பயிலும் இரண்டு இளைஞர்களும் பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை எழுத நானும் உதவினேன்.

கோவில் பரிபாலன சபைகளிடம் வேறு இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம்: பாலஸ்தாபனத்துக்கு முன் பழைய சுதை வேலைகளை நாற்புறமும் படமெடுத்து வைக்கவேண்டும், உபயகாரர் கல்லில் சிற்பியின் பெயரையும் வெட்டவேண்டும். ஒரு தோட்டத்துச் சபை முதலாவதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டாவதை அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.